தீர்த்தம் பட்ட மெழுகுவர்த்தி

புதன்கிழமை, பெரம்பலூர்.

சென்னைக்குப் போக வேண்டிய என் பட்டறை மெழுகுவர்த்திப் பெட்டிகள் அத்தனையும் இன்று ஏலாக்குறிச்சி தாண்டி ஒரு சின்ன மாதா கோவிலில் இறங்கிவிட்டன. நானேதான் கொண்டுபோய் மாட்டிக்கொண்டேன்.

சென்னைக் கடைக்காரர் கேட்டது ஒரே ஒரு இங்கிலீஷ் வார்த்தை. "பெட்டி மேல 'சேக்ரட்'னு போடுங்கண்ணே, ரெட்டிப்பு விலை தரேன்" என்றார். புனிதப் பொருள் என்று அர்த்தமாம். பொய்யாக எதற்குப் போடுவது என்று சரக்கை வேனில் ஏற்றி, அந்த மாதா கோவில் சாமியாரிடம் மந்திரிக்கக் கொண்டுபோனேன். எங்கள் வழக்கத்தில் பூஜை போட்டுவிட்டுத்தானே வியாபாரத்தையே தொடங்குகிறோம்?

அவர் ஜெபித்துத் தீர்த்தம் தெளித்தார். பிறகுதான், "திருவிழாவுக்குக் குடுக்கறீங்களா?" என்று கேட்டார்.

"இல்லீங்க சாமி, விக்கத்தான். மந்திரிச்சதுன்னா ரெட்டிப்பு விலை கிடைக்கும்."

சிரித்துவிட்டார். "மந்திரிச்சதுக்குன்னு ஒரு பைசா கூட்டி வித்தாலும் பாவம்ங்க. மொதல்லயே சொல்லியிருந்தா தீர்த்தத்தைத் தொட்டிருக்கவே மாட்டேனே!"

மந்திரிக்காமலே பெட்டியில் 'சேக்ரட்' என்று அச்சடிக்கிறவன் கார் வாங்கிவிட்டான். அதை உண்மையாக்கப் போன நான் இளிச்சவாயன். பேசாமல் சென்னைக்கே அனுப்பிவிடலாம்தான்; சாதா விலைக்குக் கொடுத்தாலும் கடைக்காரர் 'சேக்ரட்' என்று கூட்டித்தான் விற்பார். ஆனால் யார் சாமியானாலும் சாமி, பயமாக இருக்கிறது.

கடைசியில் பேசி முடித்தது இதுதான்: பெட்டிகள் எல்லாம் கோவிலுக்கு. மெழுகுக்கும் திரிக்கும் அடக்க விலை. லாபம் கிடையாது. வேன் வாடகை என் தலையில்.