வாசலில் சொன்னது

என் மகளுக்கு,

நேற்று காலை உன்னுடன் வேலை செய்யும் பிரசன்னா போன் செய்தார். சமாதானம் பேசப் போன இடத்தில் உன்னைப் பிடித்து வைத்திருக்கிறார்களாம். இப்படி ஏதாவது நடந்தால் கேட்பதற்கென்று ஒரு கேள்வியை நீ முன்பே எழுதிக் கொடுத்திருந்தாயாம்: "நான் கிளம்பிய அன்று வாசலில் அம்மா என்ன சொன்னாள்?" அங்கிருந்து பதில் வந்துவிட்டது. என் பதிலும் அதுவும் ஒத்துப்போனால்தான் நீ உயிரோடு இருப்பது உறுதியாம்.

"பத்திரமாப் போய்ட்டு வான்னு சொன்னேன்" என்றேன்.

"அம்மா, அது இல்லையே..." என்று பதறினார்.

மாடியில் குடியிருக்கும் செந்தாமரை ஒரகடம் கம்பெனி ஷிப்டுக்குக் கிளம்பி எதிரில் நின்றிருந்தாள். உன்னைப் பற்றி அவளிடம் தினமும் பெருமை பேசியிருக்கிறேன். அவள் காதுபடவே சொன்னேன்.

"இந்த வாசலைத் தாண்டினா நீ எனக்கு மக இல்லைன்னு சொன்னேன்."

"அதேதான்மா! உயிரோட இருக்காங்க!"

செந்தாமரை கம்பெனி பஸ்ஸை விட்டுவிட்டாள். "இன்னா ஆன்ட்டி நீங்க, பெத்த பொண்ணை இப்டியா சொல்வீங்க?" என்று திட்டிக்கொண்டே என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மூன்று வருடமாக அதையே சுமந்திருக்கிறாய்.

எப்போது விடுவார்கள் என்று பிரசன்னாவுக்கும் தெரியவில்லை. இதை அவரிடம்தான் கொடுத்தனுப்புகிறேன். நீ வந்தாலும் மறுபடி போவாய், தெரியும். அப்போது கேள்வியை மாற்றிக் கொடு. திரும்பி வந்த அன்று அம்மா என்ன சொன்னாள் என்று எழுது.

பதிலைச் சொல்ல வாசலிலேயே இருக்கிறேன்.

உன் அம்மா