ஆறு பேர் உட்காரும் தொட்டி

அன்பு மகளே,

நீ பார்த்து வைத்திருக்கும் முதியோர் இல்லத்து அறைக்கு நான் வரப்போவதில்லை. நேற்று டுலூத் நகருக்குப் போய், வீட்டுக்கு வெளியே வைத்து உட்கார்ந்து குளிக்கும் வெந்நீர்த் தொட்டி ஒன்று வாங்கிவிட்டேன்.

கடைக்காரர் டெல்மர், என்னோடு வந்த பக்கத்து வீட்டு ஆர்விட்டிடமே தொட்டி மோட்டாரின் பெருமையெல்லாம் பேசிக்கொண்டிருந்தார். நான் பூட்ஸைக் கழற்றிவிட்டு, காலித் தொட்டிகளில் ஒவ்வொன்றாக ஏறி உட்கார்ந்து பார்த்தேன். ஏற நேரமானது. ஆனாலும் யாரையும் கை கொடுக்க விடவில்லை.

"உங்க ஒருத்தருக்கு ரெண்டு பேர் தொட்டியே தாராளம்மா," என்றார் டெல்மர்.

"ஏன், நான் யாரையும் கூப்பிடக் கூடாதா?" என்றேன். ஆர்விட்டுக்குச் சிரித்துச் சிரித்து இருமலே வந்துவிட்டது.

ஆறு பேர் உட்காருவதாக, அகலமான படியும் கைப்பிடியும் உள்ளதாக எடுத்தேன். கைப்பிடி எதற்கென்று உனக்குத் தெரியும். குளியலறைத் தரையில் நான் விழுந்து கிடந்த அந்தப் பகலைப் பற்றி இனிப் பேச வேண்டாம்.

நீ அனுப்பிய வீட்டுத் தரகர் இன்று காலை வந்தார். தொட்டி வாங்கியதைச் சொன்னேன். "தொட்டி இருந்தா வீடு சீக்கிரம் வித்துப்போயிடும்," என்றார். "விக்கிறவங்ககிட்ட போய்ச் சொல்லுங்க," என்று காபி கொடுத்து அனுப்பிவிட்டேன்.

வியாழக்கிழமை தொட்டி வருகிறது. மறுநாளிலிருந்து, பனி கொட்டினாலும் கழுத்தளவு வெந்நீரில்தான் இருப்பேன். என்னை அழைத்துப் போக வருவதானால், நீயும் இறங்கி எதிரே உட்கார்ந்து கேள். அப்போதும் முடியாது என்றுதான் சொல்வேன்.

தன் வீட்டிலேயே இருக்கும்,
உன் அம்மா