அம்மி இல்லாத ஆறு நாள்

மே 10, திங்கள்
காலையிலிருந்து தூறல். மூட்டை கட்டும் வேலை. நான் பாடம் சொன்ன பள்ளிக்கூடத்தைப் பூட்டியதிலிருந்து இந்த நோட்டுதான் துணை. (ஜப்பான்காரன் கணக்கில் ஆண்டை 2603 என்று எழுத வேண்டுமாம். மாட்டேன்.)

எங்கள் காஜா பெராங்கில் நேற்றும் ஜப்பான்காரன் லோரி. சயாம் ரயில் பாதைக்கு ஆள் பிடிக்கிறார்கள். எங்கள் வரிசையில் மூன்று வீட்டு ஆம்பிளைகள் போயாயிற்று. மிச்சம் என் வீட்டுக்காரர். அதனால் பத்து நாள் குருபோங் பக்கம், ரப்பர் காட்டில் ஒளிந்திருப்பதாக முடிவு. அவருடைய சிநேகிதர் சொன்ன இடம். "கிணறு இருக்கு, கொட்டாய் இருக்கு, காத்து பிச்சுக்கிட்டு வரும்."

எடுத்தவை: அரிசி நான்கு பால் டின், மரவள்ளிக் கிழங்கு, உப்பு, காய்ந்த மிளகாய், தேங்காய், பாய், பாப்பாவின் கம்பளி.
எடுக்காதது: அம்மி. வண்டியில் ஏற்ற இவர் விடவில்லை. "மாடு பாவம் சரசு. பத்து நாளுக்கு அம்மி எதுக்கு?"

மே 11, செவ்வாய்
வந்து சேர்ந்தோம். இதுவா இடம்? கொட்டகை என்றது நான்கு கம்பம். கூரையை யாரோ பிரித்து எரித்துவிட்டார்கள். கிணற்றுத் தண்ணீர் கோப்பி நிறம். அட்டை, கொசு, சேறு. காற்று மட்டும் இல்லை.

வண்டிக்கார முனியாண்டி அண்ணன் நல்ல மனுஷன். கூண்டு வண்டியை எங்களுக்கு விட்டுவிட்டு மாட்டை மட்டும் ஓட்டிப் போனார். அவருக்குக் கால் ஊனம், லோரிக்காரர்கள் சீண்டுவதில்லை. இனி நானும் பாப்பாவும் வண்டிக்குள், இவர் அடியில் சாக்கு விரித்து. கூண்டு ஒழுகுகிறது. சரியாக என் தலைக்கு நேரே.

பாப்பாவுக்குக் கொண்டாட்டம். "அம்மா, நம்ம வீட்டுக்குச் சக்கரம் இருக்கு!"

மே 12, புதன்
மழை. விறகு ஈரம். மிளகாயைக் கல்லில் தட்டிப் போட்டேன். பாப்பா துப்பிவிட்டாள். "ஒரு அம்மி இருந்திருந்தா மனுஷி மாதிரி சமைப்பேன்," என்றேன். இவர் கிழங்கை உப்பில் தொட்டுத் தின்றார்.

மே 13, வியாழன்
முதுகு வலி. மு. அண்ணன் கருவாட்டோடு வந்தார். இரண்டு நாளாக லோரி வரவில்லையாம். "அடங்கிருச்சு போல தங்கச்சி." எனக்கு மூச்சு வந்தது.

கருவாட்டுக்கு அரைக்காமல் என்ன செய்வது? மறுபடி அம்மிப் பேச்சு. இடம், கிணறு, சிநேகிதர், எல்லாவற்றையும் ஒரு பிடி பிடித்தேன். கடைசியில் சிரித்தார். "உன் வாய்க்குப் பயந்தே நான் சயாமுக்குப் போயிருவேன்." நானும் சிரித்துத் தொலைத்தேன்.

மே 14, வெள்ளி
வெயில். பாய் காய்ந்தது. இவர் கிணற்றை இறைத்தார், தண்ணீர் கொஞ்சம் தெளிவு. பக்கத்து மலாய்க் கம்பத்து வீடுகளில் ஓலை கேட்டு வாங்கிக் கூண்டில் செருகினார். பாப்பா கன்னத்தில் கொசுக்கடி, நான்கு. கொஞ்சம் பொறுத்துக்கொண்டால் இடம் மோசமில்லை. அதை அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் இளிப்பார்.

மே 15, சனி
எழுந்தபோது ஆள் இல்லை. பாப்பாவிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்: "அம்மாவுக்கு அம்மி எடுத்துட்டு மத்தியானத்துக்குள்ள வந்துருவேன்."

கடைசி அரிசியை வடித்து வைத்தேன். மத்தியானம் போயிற்று. மழையும் இல்லை, தாமதிக்க. பாதை வரை மூன்று தடவை நடந்தேன். வரவில்லை.

மே 16, ஞாயிறு
மு. அண்ணன் வந்தார். மாட்டின் முதுகில் சாக்கு. என் முகத்தைப் பார்க்கவில்லை. சாக்குக்குள் அம்மி, குழவி.

நேற்று காஜா பெராங் முச்சந்தியில் லோரி குறுக்கே வந்து நின்றதாம். முன்னால் போன இரண்டு பேர் சந்துக்குள் ஓடித் தப்பிவிட்டார்கள்.

"அவரும் ஓடியிருக்கலாம் தங்கச்சி. தோள்ல அம்மி. போட்டா ஒடஞ்சிரும்னு மெதுவா குனிஞ்சு எறக்கி வச்சாரு. நிமிர்றதுக்குள்ள புடிச்சிட்டானுங்க."

நான் கேட்டதால். என் வாயால்.

அம்மி உடையவில்லை. திருப்பித் திருப்பிப் பார்த்தேன், ஓரம்கூடச் சிதறவில்லை.

பாப்பாவுக்குப் பசி. மிளகாய் மூன்று, உப்பு, தேங்காய்ச் சில் ஒன்று. கழுவி எல்லாம் எடுத்து வைத்தாயிற்று. குழவியில் கை வைக்க முடியவில்லை.