பொடியன்கள் ஏன் திரும்புகிறார்கள்

அன்பு மகள் வாலுவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நன்றாகவே இருக்கிறோம். நீ நன்றாக இல்லை என்பது போனில் உன் குரலிலேயே தெரிந்துவிட்டது, அதனால் நலமா என்று ஒப்புக்குக் கேட்கப்போவதில்லை. மறுபடி போனில் பேசினால் நீ அழுவாய், கூடவே நானும் அழுவேன், சொல்ல வந்தது அந்தரத்தில் நிற்கும், அதற்குத்தான் மெயிலில் இந்தக் கடிதம். அப்பாவுக்கு முழங்கால் வலி, படி ஏறும்போது முனகுகிறார், டிவி ரிமோட்டைப் பிடிக்க ஓடும்போது மட்டும் வலிப்பதில்லை. நீச்சல் குளத்தில் என் காலை வகுப்புக்கு இந்த முறை வந்தவர்கள் எல்லோரும் தண்ணீரைக் கண்டாலே நடுங்குகிறவர்கள். வங்கி மேலாளர் அம்மா ஒருவர் ஓரத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே குடித்தனம் நடத்துகிறார்.

உன் ஆய்வகத்திலிருந்து நீ அனுப்பிய வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். கண்ணுக்கே தெரியாத அந்தப் பச்சைப் பாசிப் பொடியன்கள் முன்னால் இருக்கும் இரண்டு இழைகளை நம் தவளை நீச்சல் மாதிரியே விரித்து அடிக்கின்றன. முதல் தடவை பார்த்தபோது, கையை அடிச்சதும் கொஞ்சம் சறுக்கிப் போக வேண்டாமா, இதுங்களுக்கு யாரு சொல்லிக்கொடுத்தது என்று நான் திட்ட, நீ சிரித்தாய். அவ்வளவு சின்ன உடம்புக்குத் தண்ணீரே தேன் மாதிரி, அடிப்பதை நிறுத்தினால் நின்ற இடத்திலேயே நின்றுவிடும் என்று நீ விளக்கிய பிறகு எனக்கு அவற்றின்மேல் மரியாதையே வந்துவிட்டது. மெல்லிய நீரும், பசை கலந்து கெட்டியாக்கிய நீரும் சேரும் இடத்துக்குச் சாய்வாக வருகிறவை மெல்லிய பக்கமே திரும்பிவிடுகின்றன என்றாய். அதை நான் நம்பவில்லை, கெட்டியில் மாட்டிய கை பின்தங்கினால் உடம்பு அந்தப் பக்கம்தானே போகும் என்று வாதாடினேன். கெட்டியில் கைக்குப் பிடிமானம் அதிகம், அந்தக் கைதான் உடம்பை மறுபக்கம் தள்ளுகிறது என்பது உன் எண்ணம். நேற்று வகுப்பு முடிந்ததும் வலது கையில் மட்டும் பிடிமானம் கூடுவதற்காகப் பிளாஸ்டிக் தகடு மாட்டி நீந்திப் பார்த்தேன். நேராகப் போகத்தான் நினைத்தேன், இடது பக்கமே இழுத்துக்கொண்டு போய்க் கயிற்றில் முட்டினேன். மேலாளர் அம்மா கம்பியை விட்டுவிட்டுக் கைதட்டிச் சிரித்தார். இதெல்லாம் உங்கள் ஆய்வகத்தில் செல்லாது, மனுஷ உடம்பு வேறு, அவை வேறு என்று எனக்கும் தெரியும். ஆனால் நீ உளறவில்லை என்பதும் தெரிந்துவிட்டது.

பாசி வெளிச்சத்தைத் தேடிப் போகும், விளக்குதான் திருப்பியிருக்கும், பாசிக்குத் தெரியாத சிவப்பு விளக்கில் எல்லாவற்றையும் மறுபடி எடு என்று உன் பேராசிரியர் சொன்னாராம், அதற்குப் போய் இப்படி இடிந்து உட்காருவதா. அவர் கேட்டது நியாயமான கேள்வி. ஒரு வருஷ உழைப்பு போச்சே என்கிறாய். போகட்டும், மறுபடி எடு. விளக்குதான் காரணம் என்று வந்தாலும் அதைக் கண்டுபிடித்தவள் நீதான்.

பேசாமல் வந்துவிடுகிறேன் என்று நீ முனகியதை அப்பா பிடித்துக்கொண்டார். மாமாவின் மருந்துக் கம்பெனியில் ஓர் இடம் காலி, வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். புள்ள அங்க கஷ்டப்படுது, நம்ம கண்ணு முன்னாடி இருக்கட்டுமே என்கிறார். எனக்கு மட்டும் ஆசையில்லையா. குளத்துக் கதவைப் பூட்டிக்கொண்டு வரும்போது தினமும் உன்னைக் கூப்பிட நினைப்பேன், அங்கே நீ தூங்கும் நேரம் என்று விட்டுவிடுவேன். இருந்தும் இன்று காலை மாமாவிடம், அவ வரமாட்டா, வேற ஆளைப் பாத்துக்கோ என்று சொல்லிவிட்டேன். அப்பாவுக்கு இன்னும் தெரியாது, தெரிந்தால் வீடு ரெண்டாகும். உனக்கும் என்மேல் கோபம் வரலாம், வரட்டும். வெள்ளிக்கிழமை வரை மாமா பொறுப்பார், நிஜமாகவே முடியவில்லை என்றால் அதற்குள் நீயே அவரைக் கூப்பிட்டு, என்னால முடியல, வந்துடறேன் என்று சொல். சொல்லிவிட்டு வந்தால் நானே விமான நிலையத்துக்கு வந்து உன்னைக் கட்டிப்பிடித்து அழைத்து வருவேன், ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கமாட்டேன். ஆனால் அந்த வாக்கியத்தை உனக்காக நான் சொல்லமாட்டேன்.

தலைக்குக் குளித்த ஈரத்தோடு குளிரில் வெளியே ஓடாதே. மனசும் உடம்பும் தெம்பாக இருந்து, நினைத்ததை முடிப்பாய்.

உன்னை நம்பும்,
அம்மா