ரோசி பேரைச் சேர்த்து வாசித்த பூசை

12 ஜூன் 1967

மெரினா மணலில் கப்பல் ஏறி நின்ற புயலுக்கு மறு வருஷம். தேர்தலில் காங்கிரஸ் தோற்றதும் இந்த வருஷம்தான். அந்தப் புயலில் மருமகன் பாஸ்கல் படகோடு கடலில் போனான். அதிலிருந்து என் மகள் ரோசிக்குச் சோறில்லை, பேச்சில்லை. கீழ்ப்பாக்கம் மனநோய் ஆஸ்பத்திரியில் சேர்த்து இன்றைக்கு நாற்பத்தோராம் நாள். திரும்பி வந்தால், பிள்ளைகள் என்ன தின்றார்கள் என்று கேட்பாள். எனக்கு எழுத்து வராது. நான் சொல்ல, பேத்தி டோரதி எழுதுகிறாள். காலையில் கஞ்சி. அவள் தம்பி வால்டர் துப்பிவிட்டான். அஞ்சு வயசுப் பயலுக்கு இன்னா திமிரு!

15 ஜூன்

டோரதிக்குச் சடை பின்னினேன். "இன்னா தாத்தா, வடம் முறுக்கறியா?" என்கிறாள். முப்பது வருஷம் ஹார்பரில் வடம் இழுத்த கை. வேறென்ன வரும்?

18 ஜூன், ஞாயிறு

டோரதி எழுத மாட்டேன் என்றுவிட்டாள். பக்கத்து வீட்டுச் சுப்புராஜ் எழுதுகிறார்.

என் பெண்சாதி சிலுவையம்மாள் செத்த நாள் இன்று. கோயிலில் அவளுக்குப் பூசை கேட்டபோது, ரோசி சுகத்துக்கும் சேர்த்துக்கோங்க என்றேன். எழுதினவர் ரெண்டு பேரையும் ஒரே சீட்டில் போட்டுவிட்டார். படிக்கத் தெரியாத நானும் தலையாட்டிவிட்டு வந்தேன். இன்று பங்குச் சாமியார், "சிலுவையம்மாள், ரோசி, இவர்கள் ஆன்மா இளைப்பாற" என்று வாசித்தார். கோயிலென்றும் பாராமல் வால்டர் அலறினான்.

"அம்மா ஆஸ்பத்திரியிலதான் கீதும்மா" என்றேன்.

"பாட்டி செத்தப்ப அம்மாகிட்டயும் இப்படித்தானே சொன்னே?" என்றாள் டோரதி.

நெசம்தான். ஜப்பான்காரன் குண்டு போடுவான்னு ஊரே காலியான வருஷம் சிலுவையம்மாள் செத்தாள். ஆறு வயசு ரோசியிடம், அம்மா ஆஸ்பத்திரியில கீறான்னு ஒரு மாசம் பொய் சொன்னேன் – நான்தான்.

20 ஜூன்

பிள்ளைகள் சோறு தொடவில்லை.

22 ஜூன்

கீழ்ப்பாக்கம் போனேன். வார்டுக்குள் பிள்ளைகளை விட மாட்டார்களாம். "சுகமா இருக்காங்கன்னு எழுதித் தரேன் பெரியவரே" என்றாள் நர்சம்மா. எழுத்தா? எழுத்தாலதானே இத்தனை பேஜாரு! ஆஸ்பத்திரி கேட்டண்டை உட்கார்ந்துவிட்டேன். சாயங்காலம் டாக்டரே வந்து, ஞாயிற்றுக்கிழமை கூட்டிவா, தோட்டத்தில் பார்க்கலாம் என்றார்.

25 ஜூன், ஞாயிறு

வேப்பமரத்தடியில் ரோசி. முடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். வால்டர் என் வேட்டிக்குப் பின்னால் ஒளிந்தான். டோரதியும் கிட்டப் போகவில்லை. ரோசிதான் கிட்ட வந்தாள். அப்புறம் டோரதியின் சடையைத் தொட்டு, "யாருடி இப்படிப் பின்னினது?" என்றாள். பாஸ்கல் போனதிலிருந்து நான் கேட்ட முதல் பேச்சு. அவிழ்த்துப் பின்னினாள். பாதியில் கை சோர்ந்துவிட்டது. மீதியை நான் முடித்தேன். பஸ்ஸில் யாரையும் அதைத் தொட விடவில்லை டோரதி.

இதை அவள்தான் எழுதுகிறாள். "பொய் கலக்காம சொல்லு தாத்தா" என்கிறாள். சொல்றேன், எழுதிக்கோ. உன் பாட்டி சிலுவையம்மாள் செத்துட்டா. உங்கப்பன் பாஸ்கல் செத்துட்டான். ஆஸ்பத்திரியில உயிரோட கீறது உங்கம்மா, ரோசி.