ஓர் ஆணிக்கு

செகந்திராபாத், 1936

மரியாதைக்குரிய அம்மாவுக்கு, ஞானமுத்து எழுதிக்கொள்வது. கர்த்தர் கிருபையால் சுகமே. உங்கள் மூச்சிரைப்பு குறைந்ததா?

தச்சு வேலை பழகுகிறேன். இந்தப் பட்டறையில் நாற்காலிக்கு ஆணியே கிடையாது, மர முளைதான். தெரிந்தும், ஒரு நாற்காலியின் ஆடிய காலில் அவசரத்துக்கு ஓர் ஆணி அடித்து மெழுகு பூசி மறைத்துவிட்டேன். தாவீது மேஸ்திரி இழைத்தபோது இழைப்புளியின் அலகு அதில் மோதித் தெறித்தது.

"மரத்துக்குள்ள இரும்பு வெச்சியாடா?" என்று கத்திக்கொண்டே கொட்டாப்புளி என்கிற மரச்சுத்தியால் நாற்காலியை நொறுக்கினார். வலக்கையை நீட்டித் தடுத்தேன். அவர் நிறுத்தவில்லை. "நக்கோ மேஸ்திரி, நக்கோ!" என்று, வேண்டாமென இந்த ஊர்ப் பாஷையில் கதறி நாலு பேர் இழுத்துப் பிடித்தார்கள்.

பயப்படாதீர்கள், ரத்தம் நின்றுவிட்டது. எழுத்து கோணலென்று அப்பா கோபிக்க வேண்டாம். இங்கே தலைவாரிவிடத்தான் ஆளில்லை.

தபால்காரர் நிற்கிறார். கிறிஸ்துமஸ் சட்டையைப் பொத்தானே இல்லாமல், தலைவழியே மாட்டும்படி தையுங்கள்.

உங்கள் மகன்
ஞானமுத்து