கிளாக்கர் வீட்டு ட்ரிப் சுவிட்ச்

ஜூன் 3, செவ்வாய்

விடியற்காலையிலிருந்து தூறல். கட்டுகஸ்தோட்டை முழுக்க மூட்டம். பாடம் 6, ஐந்தாம் தரத் தமிழ். பதினாறு நிமிடம் பிசகில்லாமல் வாசித்துக் கடைசிப் பந்திக்கு வரும்போது கம்ப்யூட்டர் அணைந்தது. பதிவு போச்சு. தொண்டையும் போச்சு.

மாத முடிவுக்குள் நாற்பது பாடம் குரல்பதிவு செய்து கொழும்புக்கு அனுப்ப வேண்டும். அனுப்பினால் அடுத்த வருடமும் வேலை. இல்லாவிட்டால் திரும்பவும் டியூஷன் கொட்டில், தகரக் கூரை, நாற்பது பிள்ளைகள்.

கரண்ட் கட் இல்லை. ட்ரிப் சுவிட்ச்தான் விழுந்திருக்கிறது. நான் வாடகைக்கு இருக்கும் மேல் வீட்டுக்கும் கீழ் வீட்டுக்கும் அது ஒன்றுதான். கீழ் வீட்டு ஹாலில், சாமிப் படத்துக்குப் பக்கத்தில், பூட்டுப் போட்ட பெட்டிக்குள். யார் வீட்டிலாவது கரண்ட் பெட்டிக்குப் பூட்டு உண்டா? சாவி வீட்டுக்காரரிடம்.

வீட்டுக்காரர் மடுல்கெல்லப் பக்கத் தேயிலைத் தோட்டத்தில் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊருக்குக் கிளாக்கர் ஐயா. இந்தக் கொப்பியில் வெறும் கி. அதே தோட்டத்தில் என் அப்பா தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டினார். மனுஷன் அதை ஒரு நாளும் மறந்ததில்லை, என்னை மறக்க விட்டதும் இல்லை.

கதவைத் தட்டினேன். மேலே என்னென்னவோ மாட்டி வைத்திருக்கிறேனாம், அதனால்தான் விழுகிறதாம். அவர் கதிரையை விட்டு எழும்ப ஐந்து நிமிடம்.

ஜூன் 5, வியாழன்

விழுந்த நேரம்: 9.10, 10.35. முடித்த பாடம்: பூச்சியம்.

கி.யின் மனைவி தனம் அக்கா கொடியில் துணி போட்டுக்கொண்டே பக்கத்து வீட்டாரிடம், எனக்குக் கேட்கட்டும் என்றே: "மாடியில ஒரு ரேடியோ ஸ்டேஷன் நடக்குது. நம்ம கரண்ட பூரா அதுதான் குடிக்குது."

குடிக்கிறேன். நன்றாகக் குடிக்கிறேன்.

முடிவு: இந்தக் கரண்ட் சமாச்சாரத்தைப் படிப்பது. படித்து இவர்கள் மூக்கை உடைப்பது.

ஜூன் 7, சனி

அக்குறணை. பஸ்ஸில் நின்றுகொண்டே. வாங்கியது: டெஸ்டர், எர்த் உள்ள நல்ல மல்டி பிளக் ஒன்று, மைக் வயர். கடைக்கார நானா பொறுமைசாலி. வேறு ஆளாக இருந்தால் என் கேள்விகளுக்கு விரட்டியிருப்பார். பில்லின் பின்பக்கம் படம் போட்டுக் காட்டினார். குறித்துக்கொண்டவை:

- லைவில் போகும் கரண்ட் முழுக்க நியூட்ரலில் திரும்ப வேண்டும். குறைந்தால் எங்கேயோ கசிகிறது. உடனே ட்ரிப் விழும்.
- எர்த் வயர் கசிவை மண்ணுக்குக் கொண்டுபோகும். முழு வீட்டுக்கும் ஒரே எர்த்.
- பதிவில் இரைச்சல் வந்தால் பிளக்கின் எர்த் பின்னை உடைக்கக் கூடாது. யூடியூபில் எவன் சொன்னாலும்.
- மல்டி பிளக்கில் இன்னொரு மல்டி பிளக் மாட்டக் கூடாது. (நான் மூன்று மாட்டியிருந்தேன். சொல்லவில்லை.)
- வெறுங்கால், ஈரக்கை, இரண்டும் ஆகாது.

ட்ரிப் தொல்லையைச் சொல்லிப் புலம்பினேன். நானா சிரிக்கவில்லை. "அது விழுந்தா அல்லாஹ்ட காவல் எண்டு நெனங்க டீச்சர். அத விழாம செஞ்சா ஊட்டுல மௌத்துதான் விழும்." சாவு விழுமாம்.

யார் வீட்டுக் கசிவு என்று பிடிக்க வழியும் சொன்னார். என் சாமான்கள் அத்தனையையும் கழற்றிவிட்டுப் பார்க்க வேண்டும். திங்கட்கிழமை இருக்கிறது கிளாக்கருக்கு.

ஜூன் 9, திங்கள்

எல்லாம் கழற்றினேன். போன் சார்ஜர் கூட. பிளேன்டீயோடு சும்மா உட்கார்ந்திருந்தேன். 9.20க்குக் கீழே வாஷிங் மெஷின் ஓடத் தொடங்கியது. 9.24க்கு விழுந்தது. கை தட்டாத குறை.

இறங்கிப் போனேன். ஹாலில் கி., அவருடைய மச்சான், மச்சானின் சம்சாரம். நல்லதாய்ப் போயிற்று. எல்லார் முன்னாலும் சொன்னேன்: "என் சாமான் ஒன்னுகூட மாட்டல. உங்க மெஷின்தான் கோளாறு. என்ன செய்வீங்களோ தெரியாது, இனி ஒரு தடவகூட இது விழக் கூடாது."

கி.யின் முகம் சுருங்கிப் போனது. முப்பது வருடம் ஆபீஸ் வாசலில் எங்கள் ஆட்களை நிற்க வைத்த முகம். பார்க்க இனித்தது.

நானா சொன்ன காவல் கதையைச் சொல்லவில்லை. நான் ஏன் சொல்ல வேண்டும்? காசு கொடுத்து பஸ் ஏறிப் போய்ப் படித்தது நான்.

ஜூன் 14, சனி

ஐந்து நாளாக விழவில்லை. மெஷின் தினமும் ஓடுகிறது, ஆனாலும் விழவில்லை. பதினொரு பாடம் முடிந்தது. கி. கேட்டில் என்னைக் கண்டால் வானத்தைப் பார்க்கிறார். பார்க்கட்டும், மழை வருமா என்று சொல்லலாம்.

தனம் அக்காவுக்குப் புதுச் சீக்கு. மெஷினிலிருந்து துணி எடுக்கும்போது விரலெல்லாம் சுருக்சுருக்கென்று தோள்வரை ஏறுகிறதாம். சீனி கூடியிருக்கும் என்று கி. வைத்தியம் சொல்கிறார். அக்காவின் வாயும் கொஞ்சம் மரத்தால் நல்லது.

முட்டை, பாண், மெழுகுதிரி வாங்க வேண்டும்.

ஜூன் 17, செவ்வாய்

பிற்பகல் எழுதுகிறேன்.

காலையில் நல்ல மழை. பாடம் 22. வாசிக்கும்போது உதடு மைக்கின் கம்பி வலையில் பட்டது. சுருக். மறுபடி பட்டது, மறுபடி சுருக். காலில் செருப்பு இல்லை. கம்ப்யூட்டரின் தகரப் பெட்டியில் டெஸ்டரை வைத்தேன். எரிந்தது. சுவரில் சுவிட்சை அணைத்தேன். அப்போதும் எரிந்தது.

கீழே மெஷின் நின்றது. டெஸ்டரும் அணைந்தது.

கொப்பியைத் திருப்பினேன். முழு வீட்டுக்கும் ஒரே எர்த். அப்படியானால் அவர்கள் மெஷினின் கசிவு மண்ணுக்குச் சரியாக இறங்காமல் அந்த வயர் வழியாக ஏறி என் மைக்குக்கு வருகிறது. என் உதட்டைக் கடித்ததுதான் அக்காவின் விரலைக் கடித்தது. இவ்வளவு கசிந்தும் ட்ரிப் ஏன் விழவில்லை?

கீழே மறுபடி தண்ணீர் நிரம்பும் சத்தம். அடுத்த ஈடு துணி.

ஓடினேன். பின்வாசலில் அக்கா, வெறுங்கால், சீமெந்துத் தரை முழுக்கத் தண்ணீர், கை மெஷின் மூடிப் பக்கம். தொட வேண்டாம் என்று கத்தினேன். பயந்துபோய்க் கையை எடுத்தார். மெஷினின் சுவிட்ச் அந்தத் தண்ணீரில் நின்றால்தான் எட்டும். ஹாலுக்கு ஓடி, கி.யின் பேப்பருக்குப் பக்கத்தில் கிடந்த சாவியைக் கேட்காமல் எடுத்தேன். பெட்டியைத் திறந்தால் ட்ரிப் சுவிட்சின் மேலிருந்து கீழே இரண்டு துண்டு வயர், சுவிட்சைத் தாண்டி நேராக. எவ்வளவு கசிந்தாலும் இனி அது விழாது. மெயினை இழுத்து இறக்கினேன்.

யார் வேலை இது என்று கேட்டேன். அவர் கத்தவில்லை. கத்தியிருக்கலாம்.

"நீங்கதானே டீச்சர் சொன்னீங்க. இனி ஒரு தடவகூட விழக் கூடாதுன்னு. எல்லார் முன்னாலயும் சொன்னீங்க."

சாவியைப் பேப்பருக்குப் பக்கத்தில் திரும்ப வைத்துவிட்டு மேலே ஏறினேன். பாடம் 22 போச்சு.

ஜூன் 19, வியாழன்

கரண்ட் வேலை பார்க்கும் பாஸ் வந்து வயரைக் கழற்றி, ட்ரிப்பைச் சரியாக்கினார். மெஷினுக்குள் எலி கடித்த வயர். அதைத் தொட வேண்டாம், மாற்றும் வரை கையால் துவையுங்கள் என்றார். நோனா, அதாவது அக்கா, தப்பியதே பெரிய காரியமாம்.

மாலை. அக்கா பின்வாசலில் போர்வை பிழிந்துகொண்டிருந்தார். ஒரு பக்கத்தை நான் பிடித்தேன். வேண்டாம் என்று சொல்லவில்லை. ட்ரிப்பை விழாமல் செய்தால் ஆள் சாகும் என்று அக்குறணையில் எனக்கு முன்னமே சொல்லியிருந்தார்கள் என்றேன். ஏன் சொன்னேன் தெரியாது. சொல்லாமல் மேலே ஏற முடியவில்லை.

"தெரிஞ்சும் சொல்லலியா?" என்றார். போர்வையின் என் பக்கத்தை வாங்கிக்கொண்டு தனியே பிழிந்தார்.

ஜூன் 21, சனி

வெயில். பாடம் 22, மறுபடி. காலை முழுக்கக் கீழே ஸ்குரூ டிரைவர் சத்தம். கி. தானே மெஷினைத் திருத்துகிறார். பாஸ் சொன்னால் கேட்கிற ஜாதியா அது. அக்கா கிட்டப் போகாமல் கொடியடியில் நிற்பதை ஜன்னலால் பார்த்துக்கொண்டேன்.

14ஆவது நிமிடம். விழுந்தது. பதிவு போச்சு. சனியன் பிடித்த மனுஷன்.

கீழேயிருந்து அக்காவின் குரல், வியாழக்கிழமைக்குப் பிறகு முதல் தடவை என்னைக் கூப்பிட்டு: "டீச்சர், விழுந்திருச்சு."

"விழட்டும்க்கா," என்றேன். "விழட்டும்."